ஃப்ளாப்பிக்குப் பொட்டு வைத்த அண்ணன்

ஃப்ளாப்பியைப் படுக்கப் போடக் கூடாது, நிற்கத்தான் வைக்க வேண்டும். படுக்கப் போட்டால் உள்ளே எழுதியிருப்பதெல்லாம் வண்டல் மாதிரி அடியில் போய்ப் படிந்துவிடும். காலையில் எடுத்ததும் டிரைவில் சொருகிவிடக் கூடாது. இரண்டு தட்டு தட்டி, தூக்கம் கலைத்த பிறகே சொருக வேண்டும். ராகு காலத்தில் எதையும் ‘சேவ்’ பண்ணக் கூடாது. புது ஜாபையும் பழைய ஜாபையும் ஒரே ஃப்ளாப்பியில் வைக்கக் கூடாது. வெயில் காலத்தில் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும்.

எந்தக் கம்பெனியின் கையேட்டிலும் இந்த விதிகள் கிடையாது. காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையில் ஒரு சின்னப் பட்டறையில் இருபது வருடத்துக்கு மேல் இவை சட்டமாக இருந்தன. இயற்றியவர் அங்கே மெயின்டனன்ஸ் பார்க்கும் அண்ணன். ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். நிற்க வைக்கச் சொன்னது மட்டும் சரி. ஃப்ளாப்பி தயாரித்தவர்களும் பெட்டியில் நிறுத்தித்தான் வைக்கச் சொன்னார்கள். வண்டலுக்காக அல்ல, ஒன்றின் மேல் ஒன்று அடுக்கி அழுத்தினால் உறை வளைந்துவிடும் என்பதற்காக.

அரக்கோணம் மார்க்கத்து மின்சார ரயிலில் புட்லூரில் இறங்கினாலும் காக்களூர் பக்கம்தான், திருவள்ளூரில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தாலும் பக்கம்தான். ஆவின் பால் பண்ணையும் அங்கேதான். தொழிற்பேட்டைக்குள் நுழைந்தால் லேத் ஓடும் சத்தம், கூலன்ட் வாடை, ஷட்டருக்கு வெளியே சுருள் சுருளாக இரும்புச் சீவல். அண்ணனைவிட வயதில் மூத்த முதலாளியே அவரை ‘அண்ணே’ என்றுதான் கூப்பிடுவார். ஐடிஐ-யில் ஃபிட்டர் படித்தவர். தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்துகொண்டே, எந்த மெஷினில் பேரிங் போகப்போகிறது என்று காதால் சொல்லிவிடுவார். அதனால்தான் அவர் சொன்ன ஃப்ளாப்பி விதிகளையும் யாரும் எதிர்த்துப் பேசவில்லை. பேரிங் விஷயத்தில் ஒருநாளும் தப்பாதவர், ஃப்ளாப்பியில் எப்படித் தப்புவார்?

1998-ல் அந்தப் பட்டறைக்கு முதல் சிஎன்சி லேத் வந்தது. அதோடு ஒரு கம்ப்யூட்டரும், கம்ப்யூட்டரிலிருந்து மெஷினுக்குப் போக ஒரு கேபிளும், பன்னிரண்டு ஃப்ளாப்பிகளும் வந்தன. சிஎன்சி மெஷினுக்கு ‘பாராமீட்டர்’ என்று சில நூறு எண்கள் உண்டு. ஸ்லைடு எவ்வளவு தூரம் போகலாம், எவ்வளவு வேகம், திருகு தண்டில் எவ்வளவு தளர்ச்சி என்று அந்த ஒரு மெஷினுக்கே உரிய ஜாதகம் அது. பக்கத்து ஷெட்டில் அதே மாடல் மெஷின் இருந்தாலும் அதன் ஜாதகம் இதற்குப் பொருந்தாது. மெஷினை நிறுவ வந்த இன்ஜினியர் அந்த ஜாதகத்தையும் ஜாப் புரோகிராம்களையும் ஃப்ளாப்பிகளில் எடுத்துக் கொடுத்தார். கிளம்பும்போது ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

“பத்திரமா வெச்சுக்கங்க.”

எல்லா வம்பும் அந்த ஒரு வார்த்தையில்தான் பிறந்தது. பத்திரமாக வைப்பது என்றால் அண்ணனுக்குத் தெரிந்த அர்த்தம் வேறு. அம்மாவின் தாலிக்கொடியைப் பத்திரமாக வைப்பது, பட்டாவைப் பத்திரமாக வைப்பது. பூட்டி வை, பூச்சி வராமல் பார், அடிக்கடி எடுக்காதே. முக்கியமான ஃப்ளாப்பிகளைத் தேர்ந்தெடுத்து, பட்டுத் துணிக் கிழிசலில் சுற்றி, பாச்சை உருண்டை நான்கு போட்டு, ஆபீஸ் ரூம் பீரோவின் லாக்கரில் வைத்தார். எல்லாவற்றுக்கும் மேலே வைத்த ஃப்ளாப்பியில் ஸ்கெட்ச் பேனாவால் ‘முக்கியம் - தொடாதே’ என்று எழுதி ஒட்டினார். தொடாதே என்பதை மற்றவர்கள் மட்டுமல்ல, அவரும் பின்பற்றினார்.

தினசரி உபயோகத்துக்கு என்று வெளியே இருந்த ஃப்ளாப்பிகளின் கதை இன்னும் மோசம். பட்டறையில் ஃபேன் காற்றுக்கு எதுவும் மேஜையில் நிற்காது. கைக்கெட்டும் இடத்தில் டயல் வைக்கிற மேக்னடிக் ஸ்டாண்டு ஒன்று எப்போதும் இருக்கும். மெஷினின் எலெக்ட்ரிக்கல் பேனல் கதவில் ஃப்ளாப்பியை வைத்து, அதன் மேல் அந்த ஸ்டாண்டை ‘டக்’கென்று ஒட்டிவிடுவார் அண்ணன். ஃப்ளாப்பி அசையவே அசையாது. ஸ்டாண்டுக்கு வேறு வேலை வந்துவிட்டால், சர்ஃபேஸ் கிரைண்டரின் மேக்னடிக் சக் இருக்கவே இருக்கிறது. இரும்புப் பாளத்தையே அசையவிடாமல் பிடித்துக்கொள்ளும் காந்தப் படுகை அது. அதன் மேல் ஃப்ளாப்பியை வைத்து, ஸ்விட்சைப் போட்டுவிட்டு, “இனி புயலே வந்தாலும் போவாது” என்பார்.

ஃப்ளாப்பி போகவில்லைதான். ஃப்ளாப்பிக்குள் இருப்பது மெல்லிய பிளாஸ்டிக் தாள். அதன் மேல் காந்தப் பொடிப் பூச்சு. அந்தப் பொடியின் காந்தத் திசைதான் எழுத்து. மூன்றரை அங்குல ஃப்ளாப்பியில் ஓர் அங்குல அகலத்துக்குள் 135 தடங்கள் போகிற அளவுக்கு நெருக்கமாக எழுதியிருக்கும். அதன் மேல் அரைக் கிலோ இரும்பைத் தூக்கும் காந்தத்தை வைப்பது, நீரில் கோலப்பொடியைத் தூவிவிட்டுக் கையால் கலக்குவதற்குச் சமம்.

அழுக்கானால் சுத்தம் செய்யவும் அண்ணனிடம் வழி இருந்தது. நகரும் தகரக் கதவைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, கம்ப்ரசர் ஏர் கன்னை உள்ளே விட்டு ‘புஸ்’ஸென்று ஒரு அடி. பட்டறைக் கம்ப்ரசர் காற்றில் பாதி தண்ணீர், மீதி எண்ணெய். பிறகு தின்னரில் நனைத்த பனியன் வேஸ்ட்டால் ஒரு துடைப்பு. ஃப்ளாப்பி பளபளவென்று இருந்தது. பூச்சும் சேர்ந்து போனதால் வந்த பளபளப்பு அது.

ஆயுத பூஜை அன்று பீரோவிலிருந்த ஃப்ளாப்பிகளும் வெளியே வரும். ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், வெர்னியர் எல்லாம் வரிசையாக அடுக்கிய வாழை இலையில் கடைசியாக அவையும். சந்தனம், குங்குமம், திருநீறு. பொட்டு வைக்க வாகான இடம் எது? பளபளவென்று இருக்கும் அந்தத் தகரக் கதவுதான். ஒரு வருடம் முதலாளியின் மகன் தடுத்துப் பார்த்தான். “எல்லா மெஷினுக்கும் வெச்சிட்டு இதுக்கு மட்டும் வெக்கலேன்னா மனசு கேக்கலடா தம்பி” என்றார் அண்ணன். அந்த மனசைக் குறை சொல்ல முடியாது. ஆனால், சரஸ்வதி பூஜையில் வைத்த புத்தகத்தை மறுநாள் விஜயதசமி அன்று எடுத்து, ஒரு பக்கமாவது படிக்க வேண்டும் என்பதும் அதே பூஜையைச் சேர்ந்த வழக்கம்தான். அண்ணன் முதல் நாள் வேலையை மட்டும் ஒழுங்காகச் செய்தார். மறுநாள் ஃப்ளாப்பிகள் நேராக பீரோவுக்குப் போய்விடும்.

அண்ணனை மட்டும் சிரித்துவிட்டுப் போவது நியாயம் இல்லை. வீடுகளில் நடப்பதும் இதேதான். கல்யாண சிடி ஓடவில்லையா, பேஸ்ட் தடவித் தேய் என்பது ஊரறிந்த வைத்தியம். அடிப்பக்கத்துப் பிளாஸ்டிக்கில் லேசான கீறல் என்றால் பேஸ்ட் ஓரளவு மெருகேற்றும் என்பது உண்மையும்கூட. பிளாஸ்டிக் 1.2 மில்லி மீட்டர் கனம். கொஞ்சம் தேய்ந்தாலும் தாங்கும். ஆனால், பெரும்பாலோர் பத்திரப்படுத்துவது அந்தப் பளபளக்கும் அடிப்பக்கத்தை. மேஜை மேல் வைக்கும்போது அது மேலே இருக்கட்டும் என்று பேர் எழுதிய பக்கத்தைக் கவிழ்த்து வைத்துத் தேய்க்கிறார்கள். சிடியில் தகவல் இருக்கும் மெல்லிய படலம் அந்தப் பேர் எழுதிய பக்கத்துக்கு நேர் கீழேதான் இருக்கிறது. அங்கே ஒரு கீறல் விழுந்தால் தாலி கட்டும் காட்சியே போச்சு. துடைப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. தோசைக்கல்லில் எண்ணெய் தேய்ப்பது போல வட்டமாகத் துடைக்கக் கூடாது. நடு ஓட்டையிலிருந்து விளிம்புக்கு நேராக இழுக்க வேண்டும். வட்டமாக விழும் கீறல் எழுத்து ஓடும் பாதையோடே ஓடி, ஒரேயடியாக நிறைய சாப்பிட்டுவிடும்.

நனைந்த பென் டிரைவை அரிசி டப்பாவில் புதைப்பார்கள். ஓடாத ஹார்ட் டிஸ்க்கை பாலிதீன் கவரில் கட்டி ஃப்ரீசரில், பால் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் வைப்பார்கள். சென்னை, திருவள்ளூர் காற்றின் ஈரத்துக்கு அது வெளியே வந்ததும் ஐஸ் வாட்டர் டம்ளர் மாதிரி வியர்க்கும். தட்டுக்கும் அதைப் படிக்கும் ஊசிக்கும் நடுவே தலைமுடி கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைந்த இடைவெளிதான். அங்கே ஒரு துளி நீர் போனால் வெள்ளம். 2015 டிசம்பர் வெள்ளம் வடிந்த பிறகு எத்தனையோ வீட்டு மொட்டை மாடிகளில் போட்டோ ஆல்பங்களோடு சிடிகளும் வெயிலில் காய்ந்தன. வீட்டில் எழுதிய சிடியில் இருப்பது சாயம். வெள்ளம் விட்டுவைத்ததை வெயில் வெளுத்துவிடும்.

ஃப்ளாப்பியை உடைத்து அதன் கறுப்புத் தாள் வழியாகச் சூரிய கிரகணம் பார்க்கலாம் என்ற யோசனையும் ஒரு காலத்தில் நடமாடியது. 1995 அக்டோபர் 24 கிரகணத்தின்போது எக்ஸ்ரே ஃபிலிமைத் தேடாத வீடு இல்லை. கம்ப்யூட்டர் உள்ள இடங்களில் ஃப்ளாப்பியும் பலியானது. வெளிச்சத்தைக் குறைத்துக் காட்டினாலும், கண்ணுக்குத் தெரியாத கதிர்களை அது தடுக்காது. இந்த விஷயத்தில் மட்டும் அபத்த யோசனை ஃப்ளாப்பியோடு கண்ணையும் சேர்த்துக் கெடுக்கக் கூடியது. சிடிகளுக்கு ஒரு நல்ல மறுவாழ்வு கிடைத்தது என்றால், வயல்களில்தான். கயிற்றில் கட்டித் தொங்கவிட்டால் காற்றில் சுழன்று மின்னிப் பறவைகளை விரட்டும். யாரோ ஒருவரின் காதுகுத்து விழா இன்னமும் எங்கோ கடலைக் காட்டுக்குக் காவல் காத்துக்கொண்டிருக்கலாம்.

கேட்டால் கிறுக்குத்தனமாகத் தோன்றி, உண்மையில் சரியாக இருக்கிற யோசனைகளும் இருப்பதுதான் குழப்பமே. 1970, 80-களில் வந்த சில வகை ஒலிநாடாக்கள், காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துப்போகும். அவற்றைச் சுமார் 50 டிகிரி சூட்டில் மணிக்கணக்கில் வாட்டி எடுத்தால் கொஞ்ச நாளைக்கு ஓடும். அதற்குள் நகல் எடுத்துவிட வேண்டும். ஒலிக் காப்பகங்களில் இன்றும் செய்வதுதான். அதற்கென்றே உள்ள அடுப்பில், ஆள் நின்று பார்த்துச் செய்கிற வேலை. இதைக் கேள்விப்பட்டு எல்.ஆர்.ஈஸ்வரி கேசட்டை இட்லிப் பானையில் வைக்கக் கிளம்பினால், கிடைப்பது இட்லிகூட இல்லை.

ஆனால், பழைய எழுத்தைப் ‘பத்திரப்படுத்தியதில்’ அண்ணனையெல்லாம் தூக்கிச் சாப்பிடும் கதை ஒன்று உண்டு. அது கம்ப்யூட்டர் காலத்துக் கதை இல்லை. உ.வே.சாமிநாதையர் சுவடி தேடி ஊர் ஊராக அலைந்தபோது கரிவலம்வந்தநல்லூருக்குப் போனார். வரகுணராம பாண்டியர் காலத்துச் சுவடிகள் அங்கே கோயிலில் இருந்ததாகக் கேள்வி. போய் விசாரித்தால், குப்பையாகக் கிடந்த பழைய ஏடுகளை என்ன செய்ய வேண்டுமோ, அதைச் சாஸ்திரப்படி செய்துவிட்டதாகப் பதில் வந்தது. குழி வெட்டி, தீ வளர்த்து, நெய்யில் தோய்த்து ஆகுதி கொடுத்துவிட்டார்களாம். அலட்சியத்தில் செய்யவில்லை, மரியாதையில் செய்தார்கள். ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விட்ட ஏடுகளுக்கும் அப்படித்தான். பூவும் மஞ்சளும் வைத்துத்தான் விட்டார்கள். பொட்டு வைத்த ஃப்ளாப்பிக்கும் அந்த ஏட்டுக்கும் நடுவே அதிக தூரம் இல்லை.

அதே ஊர்களில், அதே வீடுகளில், நேர்மாறான பழக்கமும் இருந்தது. ஓலை சாகும் என்று தெரிந்தவர்கள், அது சாவதற்குள் புது ஓலையில் பெயர்த்து எழுதிவைத்தார்கள். சங்கப் பாட்டு இரண்டாயிரம் வருடம் பிழைத்தது ஒரே ஓலையைப் பூட்டிவைத்ததால் அல்ல. யாரோ ஒருவர், பேர்கூடத் தெரியாத ஒருவர், மறுபடி மறுபடி எழுதியதால். வசம்பும் வேப்பிலையும் பூச்சியைத்தான் விரட்டும், காலத்தை விரட்டாது.

பெரிய இடங்களிலும் இந்தக் கூத்து நடந்திருக்கிறது. நிலவில் மனிதன் இறங்கியதைப் பதிந்த அப்போலோ 11-ன் மூல நாடாக்களை, பின்னாளில் வேறு பதிவுக்காக அழித்து மறுபடி உபயோகித்துவிட்டிருக்கலாம் என்று 2009-ல் நாசா சொன்னது. டிவிக்காரர்களிடம் நகல் இருந்ததால் உலகம் இன்றைக்கும் அதைப் பார்க்கிறது. பிரிட்டனில் 1086-ல் தோலில் எழுதிய நிலக் கணக்குப் புத்தகத்தை இன்றைக்கும் புரட்டலாம். அதன் 900-வது ஆண்டுக்காக பிபிசி 1986-ல் லேசர் வட்டில் உருவாக்கிய புதுக் கணக்கை, பதினைந்தே வருடத்தில் படிக்க ஆளும் இல்லை கருவியும் இல்லை என்றாகி, ஆராய்ச்சியாளர்கள் மெனக்கெட்டு மீட்க வேண்டியிருந்தது. சோனி 2011-ல் ஃப்ளாப்பி விற்பதையே நிறுத்திய பிறகும், ஜப்பான் அரசாங்கத்தின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விதிகளில் ‘ஃப்ளாப்பியில் கொடு, சிடியில் கொடு’ என்றே இருந்தது. 2024-ல்தான் ஃப்ளாப்பிக்கு விடை கொடுத்தார்கள். அதனால் காக்களூரில் 2020-ல் ஒரு ஃப்ளாப்பியை நம்பி ஒரு பட்டறை இருந்தது என்றால், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

அந்த வருடம் மார்ச் 25 ஊரடங்கில் தொழிற்பேட்டை அடங்கிப்போனது. மே மாதம் ஷட்டரைத் தூக்கியபோது முதலாளியிடம் ஒரே ஒரு ஆர்டர் இருந்தது. டிராக்டர் பாகத்துக்கான புஷ். ஒரு வாரத்துக்குள் கொடுக்கவில்லை என்றால் வேறு இடத்துக்குப் போய்விடும். ஏப்ரல் மாதம் ஆட்களுக்குப் பாதிச் சம்பளம்தான் கொடுக்க முடிந்திருந்தது. பழைய சிஎன்சியை ஆன் செய்தார்கள். ஓடியது. திரையின் கீழ் மூலையில் மட்டும் ‘பேட்’ என்ற எழுத்து கண் சிமிட்டியது. பேட்டரி தீரப்போகிறது என்று அர்த்தம்.

மெஷினின் ஞாபகமெல்லாம் பேட்டரி தயவில்தான் நிற்கிறது. அந்த மாதிரிப் பழைய கன்ட்ரோலர்களில் பெரிய டார்ச் லைட்டுக்குப் போடுகிற தடித்த செல் மூன்று இருக்கும். மாற்றுவது சுலபம். ஒரே ஒரு நிபந்தனை: மெஷின் ஆனில் இருக்கும்போதே மாற்ற வேண்டும். மெயின் கரன்ட் இருந்தால் செல்லை எடுத்த நேரத்திலும் ஞாபகம் நிற்கும். மெயினையும் அணைத்து, செல்லையும் எடுத்தால், மெஷினுக்கு அடுத்த நிமிடம் தன் பேர்கூடத் தெரியாது.

அண்ணனுக்கு முப்பது வருடப் பாலபாடம் ஒன்று உண்டு: மெயினை ஆஃப் பண்ணாமல் எதையும் தொடாதே. எத்தனையோ பையன்களின் உயிரைக் காப்பாற்றிய பாடம். அன்றைக்கும் மெயினை ஆஃப் செய்தார். செல்களைக் கழற்றினார். ஸ்பிரிங்கில் பச்சை பூத்திருந்ததை எமரி தாளால் நிதானமாகத் தேய்த்தார். புது செல் போடும் முன் அதற்கும் ஒரு பொட்டு வைத்தார். மெயினைப் போட்டார். திரை முழுக்க அலாரம்.

“ஒண்ணும் பிரச்னை இல்ல. நம்மகிட்டதான் ஃப்ளாப்பி இருக்கே” என்றார் அண்ணன், பீரோ சாவியைத் தேடியபடி.

முதல் ஃப்ளாப்பியின் தகரக் கதவு இருபது வருடச் சந்தனத்தில் இறுகிப்போயிருந்தது. டிரைவுக்குள் பாதி திறந்து மாட்டிக்கொண்டது. குறடு போட்டு இழுக்க வேண்டியிருந்தது. இரண்டாவதில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. பாச்சை உருண்டை பாச்சையைத்தான் தடுத்திருந்தது, ஈரத்தை அல்ல. மூன்றாவது, நான்காவது எல்லாம் ‘கர்க் கர்க்’ என்று முனகின. கடைசியாக, ‘முக்கியம் - தொடாதே’. அதற்குள் பிசிறு ஒன்றுகூட இல்லை. எதுவுமே இல்லை. எப்போதோ ஒரு வருடம் பூஜை முடிந்த கையோடு, அதுவும் ஓர் இரவு மேக்னடிக் சக்கில் தூங்கியது அண்ணனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவர் அதைச் சொல்லவில்லை. தண்ணீர் குடிக்கப் போனார்.

பன்னிரண்டில் திறந்தது ஒன்றே ஒன்று. யாரும் பத்திரப்படுத்தாமல் டிராயர் மூலையில், ரப்பர் ஸ்டாம்புகளுக்கு அடியில் கிடந்தது. ஆவலாகத் திறந்தால் கேள்விக்குறியும், தலையில் கொம்பு முளைத்த ஆங்கில எழுத்துகளும், அயல்நாட்டுக் காசுக் குறிகளுமாக ஒரு பக்கம். முதலாளியின் மகனுக்கு விஷயம் புரிந்தது. அது பழைய தமிழ் ஃபான்ட். 1999 பிப்ரவரியில் சென்னையில் ‘தமிழ்நெட் 99’ மாநாடு கூடி விசைப்பலகைக்கும் குறியீட்டுக்கும் ஒரு ஒழுங்கு கொண்டுவரும்வரை ஆளுக்கொரு ஃபான்ட், ஃபான்ட்டுக்கொரு கணக்கு. அதற்குப் பிறகும் யூனிகோடு பரவலாகும்வரை நிறைய தமிழ் அப்படித்தான் கிடந்தது. இன்று இணையத்தில் அதை மாற்றித் தர இலவசமாகவே வழி இருக்கிறது. மாற்றினான். முதலாளி, அண்ணன், ஆபரேட்டர்கள் எல்லோரும் சுற்றி நின்று படித்தார்கள்.

பொரி ஐந்து படி. உடைத்த கடலை இரண்டு கிலோ. பூசணிக்காய் நான்கு. வாழைக்கன்று எட்டு.

ஏதோ ஒரு வருடத்து ஆயுத பூஜைச் சாமான் பட்டியல்.

யாரும் சிரிக்கவில்லை. ஆர்டர் போனால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். திருத்தணிப் பக்கத்துப் பையன் ஒருவன் அங்கே ஆபரேட்டர். அவன்தான் பேனல் கதவைத் திறந்து, உள்பக்கம் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் கவரைத் தடவிப் பார்த்தான். மெஷினோடு வந்த பாராமீட்டர் தாள், டாட் மேட்ரிக்ஸ் பிரின்டரில் அடித்தது, மடித்த இடத்தில் மட்டும் கிழிந்து, அப்படியே இருந்தது. இருபத்திரண்டு வருடமாக அந்தக் கதவின் வெளிப்பக்கம்தான் அண்ணன் காந்தத்தால் ஃப்ளாப்பியை ஒட்டிக்கொண்டிருந்தார்.

அண்ணன் தாளைப் பிடித்துக்கொண்டு வாசிக்க, பையன் ஒவ்வொன்றாக அடித்தான். சைபர் சைபர் சைபர் ஒண்ணு, சைபர் ஒண்ணு சைபர் சைபர். திண்ணைப் பள்ளிக்கூடம் மாதிரி இரண்டு நாள் நடந்தது. தப்பாக ஒரு சைபர் விழுந்தால் ஸ்லைடு போய் முட்டும் என்பதால், அடித்து முடித்ததும் பையன் வாசிக்க, அண்ணன் தாளில் டிக் அடித்தார். ஜாப் புரோகிராம்? அது பையனின் இருநூறு பக்க நோட்டில் இருந்தது. சேர்ந்த நாளிலிருந்து ஒவ்வொரு புரோகிராமையும் பிள்ளையார் சுழி போட்டுக் கையால் எழுதிவைத்திருந்தான். “கம்ப்யூட்டர் இருக்கும்போது நோட்டுல எழுதுறான் பாரு, பேப்பர் தண்டம்” என்று அண்ணன் பல தடவை திட்டிய நோட்டு.

அப்படியும் முதல் புஷ் அளவு தப்பியது. தாளில் இருந்தது 1998-ன் ஜாதகம், மெஷினுக்கு வயதாகிவிட்டதே. திருகு தண்டில் இருபத்திரண்டு வருடத் தேய்மானம். ஸ்லைடு முன்னே போய்ப் பின்னே வரும்போது எவ்வளவு தளர்ச்சி என்று அளந்து, அந்தக் கணக்கைப் புதிதாகக் கொடுக்க வேண்டும். இங்கே அண்ணன் பையனை நகரச் சொன்னார். மேக்னடிக் ஸ்டாண்டை எடுத்தார். இந்தத் தடவை அதைப் படைத்தவன் எதற்குப் படைத்தானோ அதற்கே உபயோகித்தார். டயலை மாட்டி, ஸ்லைடை முன்னும் பின்னும் நகர்த்தி, முள் எங்கே நிற்கிறது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்து, மைக்ரான் கணக்கில் எண்ணைச் சொன்னார். நான்காவது புஷ் சரியாக வந்தது. ஆர்டர் ஏழாவது நாள் ராத்திரி லாரி ஏறியது.

இப்போது அந்த மெஷினின் எண்களெல்லாம் பையனின் பென் டிரைவில் ஒன்று, ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒன்று, முதலாளி மகனின் இணையக் கணக்கில் ஒன்று என்று மூன்று இடத்தில் இருக்கின்றன. மாதம் ஒரு தடவை பையன் எடுத்துப் பார்க்கிறான். இணையத்தில் இருப்பது மட்டும் அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. யார் வீட்டுப் பீரோ என்றே தெரியாமல் எப்படி நம்புவது என்கிறார். பென் டிரைவைச் சட்டைப் பையில் செல்போனோடு சேர்த்து வைக்கக் கூடாது, சூட்டில் எண்கள் விரிந்துவிடும் என்று புது விதி ஒன்றும் போட்டிருக்கிறார்.

பழைய பாராமீட்டர் தாளை மட்டும் யாரிடமும் கொடுக்கவில்லை. ஒரு சனிக்கிழமை அவரே திருவள்ளூருக்கு எடுத்துப் போய், நாலு ஜெராக்ஸ் எடுத்து, எல்லாவற்றையும் லேமினேட் பண்ணக் கொடுத்தார். கவருக்குள் ஒரு சிட்டிகை திருநீறும் போட்டு ஒட்டச் சொன்னாராம். மெஷின் கெட்டுவிடும் என்று கடைக்காரர் கண்டிப்பாக மறுத்துவிட்டார்.